சீட்டுக் கட்டும் கிளஸ்டரும்: எண்ணியும் தெரியாமல் போன 1941

திண்ணனூர் நாடு. பேரைக் கேட்டா ஏதோ தனி தேசம் மாதிரி இருக்கும். கொல்லிமலையில் 'நாடு' என்றால் மலைமேல் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஊர்களின் ஒரு கூட்டம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்று இன்றைய கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் 'நாடு' என்றுதான் முடியும். 2011 கணக்குப்படி மொத்த ஒன்றியத்துக்கும் சேர்த்து சுமார் 40,000 பேர்.

இந்த 40,000 பேரில் பத்து வயசுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டால் இன்னைக்குச் சில நிமிஷத்தில் பதில் எடுத்துடலாம். அதே கேள்வியை 1941-க்குக் கேளுங்க. அந்த வருஷத்தின் அச்சிட்ட அட்டவணைகளில் விடை கிடையாது. கணக்கெடுப்பு நடக்காமல் போகவில்லை. நாடு முழுக்க நடந்தது. வயசும் எழுதிக்கொண்டார்கள், சாதியும் எழுதிக்கொண்டார்கள். எழுதியதைப் பிரித்து எண்ணி முடிக்கத்தான் ஆளும் காசும் இல்லாமல் போச்சு.

டேட்டா வேலை பார்க்கிறவர்கள் கிளவுடில் முதலில் மோதுகிற கேள்வி, "எந்த மாதிரி கிளஸ்டர் எடுக்கலாம்?" என்பது. ஒரே பெரிய மெஷினா, பல சின்ன மெஷினா? எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணுமா, வேலை வந்தா மட்டும் எழுப்பினா போதுமா? இதைப் புதுசு என்று நினைக்கிறோம். இந்திய சென்சஸ் அதிகாரிகள் நூறு வருஷத்துக்கும் மேலாக இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்கள். அவர்களுடைய 'மெஷின்' மனிதர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்துவிட்டு வந்தால் இன்றைய தேர்வு கொஞ்சம் தெளிவாகும்.

கோடு போட்டு எண்ணிய காலம்

சென்னை மாகாணத்தில் முறையான முதல் கணக்கெடுப்பு 1871-ல் நடந்தது. அறிக்கை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். அடுத்து 1881, 1891. அந்தக் காலத்தில் தொகுப்பு வேலை நடந்த விதம் எளிமையானது, ஆனால் ஆளைக் கொல்லும். கணக்கெடுப்பாளர் நிரப்பிய படிவத்தில் ஒரு வரிக்கு ஒரு ஆள். குமாஸ்தா பெரிய கட்டம் போட்ட தாளை முன்னால் விரித்துக்கொள்வார். படிவத்தைப் படித்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு ஆளுக்கும் சரியான கட்டத்தில் ஒரு கோடு போடுவார். அஞ்சு கோடு ஒரு கட்டு. கடைசியில் கட்டுகளை எண்ணிக் கூட்டணும்.

இதில் ஒரு பெரிய சிக்கல். வயசு அட்டவணைக்கு ஒரு தடவை படிவம் முழுக்கப் படிக்கணும். தொழில் அட்டவணைக்கு மறுபடி முதலிலிருந்து. எழுத்தறிவுக்கு இன்னொரு தடவை. தப்பா ஒரு கோடு விழுந்தால் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கேள்வி கூடக்கூட மொத்த டேட்டாவையும் திரும்பத் திரும்பப் படிக்கிற முறை இது.

சீட்டு வந்தது

1901-ல் முறை மாறியது. பவேரியாவில் 19-ம் நூற்றாண்டில் உருவான சீட்டு முறையை இந்தியா எடுத்துக்கொண்டது. அப்போது இந்திய சென்சஸ் கமிஷனர் ரிஸ்லி. சென்னை மாகாணத்துப் பொறுப்பு டபிள்யூ. ஃபிரான்சிஸ்.

முறை இதுதான். படிவத்தில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சின்னத் தாள் சீட்டு. மதத்துக்கு ஒரு நிறம். ஆண், பெண், திருமணம் ஆனவர், ஆகாதவர் என்பதற்கு அடையாளக் குறி. வயசு, தொழில், மொழி எல்லாம் சுருக்கமாக அதே சீட்டில். இப்படி எழுதிய சீட்டுகளை மாடம் மாடமாகத் தடுத்த பலகைக்கு முன் உட்கார்ந்து பிரிப்பார்கள். வயசு அட்டவணை வேணுமா, வயசு வாரியாக மாடத்தில் போடு, கட்டை எண்ணு, எண்ணிக்கையைத் துண்டுத் தாளில் எழுது. தொழில் வேணுமா, அதே சீட்டுகளைக் கலைத்து வேறு மாதிரி பிரி. படிவத்தைத் திரும்பத் தொட வேண்டியதே இல்லை.

திண்ணனூர் நாட்டு ஆள் ஒருவரின் சீட்டைக் கற்பனை பண்ணிப் பாருங்க. அவர் வீட்டுக்குப் போன கணக்கெடுப்பாளர் படிவத்தை நிரப்புகிறார். படிவம் மலையிறங்கித் தொகுப்பு அலுவலகம் போகிறது. அங்கே ஒரு எழுத்தர் அவருக்கான சீட்டை எழுதுகிறார். சேலம் ஜில்லாவின் சமவெளி ஊர்ச் சீட்டுகளோடு இவருடையதும் ஒரு மாடத்தில் விழுகிறது. மாடத்தின் கூட்டுத்தொகை ஜில்லாத் தொகையாகி, மாகாணத் தொகையாகி, அகில இந்தியத் தொகையில் போய்ச் சேர்கிறது.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்த நேரத்தில் பொறி தட்டியிருக்கும். படிவத்திலிருந்து சீட்டு எழுதுவது 'மேப்'. மாடத்தில் பிரிப்பது 'ஷஃபிள்'. கட்டை எண்ணிக் கூட்டுவது 'ரெட்யூஸ்'. கூகுளைச் சேர்ந்த ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் 2004-ல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரையில் இருக்கிற வேலைப் பிரிவினை இதே வடிவம்தான். ஒரு பிரிப்பாளருக்குக் காய்ச்சல் வந்தால் அவருடைய பெட்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் வேலை நிற்காது. ஒரு மெஷின் செத்தால் அதன் துண்டு வேலையை மட்டும் வேறொரு மெஷினில் மறுபடி ஓட்டுவதும் அதே யோசனை.

ஷஃபிளில் இன்னைக்கு இருக்கிற தலைவலியும் அன்னைக்கே இருந்திருக்கும். விவசாயம் பார்க்கிற சனம் அதிகமுள்ள ஜில்லாவில் தொழில் வாரியாகப் பிரித்தால் ஒரு மாடம் பொங்கி வழியும், மற்ற மாடங்கள் காலியாகக் கிடக்கும். அந்த ஒரு மாடத்தை எண்ணுகிறவர் முடிக்கும்வரை எல்லோரும் காத்திருக்கணும். இதை இன்று 'ஸ்க்யூ' என்கிறோம். இன்னும் பத்து பேரைச் சேர்த்தாலும் இது தீராது. பொங்குகிற மாடத்தையே நாலாகப் பிரித்தால்தான் தீரும்.

கலைகிற கூட்டம்

சீட்டு முறையைவிட முக்கியமான விஷயம், அதைச் செய்தவர்களை எப்படிச் சேர்த்தார்கள் என்பது. 1901-ல் இந்தியாவின் மக்கள்தொகை 29 கோடிக்கு மேல். 1931-ல் 35 கோடி. அத்தனை சீட்டும் கையால் எழுதி, கையால் பிரித்தது. இதற்கு நிரந்தரத் துறை ஒன்றும் கிடையாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தொகுப்பு அலுவலகங்கள் திறக்கும். தற்காலிக ஆட்கள் சேருவார்கள். பல இடங்களில் எத்தனை சீட்டு எழுதினாய் என்ற கணக்கில் கூலி. அட்டவணை முடிந்ததும் அலுவலகம் மூடும், ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள்.

கிளவுட் மொழியில் சொன்னால் இது 'ஜாப் கிளஸ்டர்'. ஒரு வேலைக்காக எழும்பும், வேலை முடிந்ததும் கலையும். பத்து வருஷத்தில் ஒரு முறை வந்து, இரண்டு மூணு வருஷம் மலைபோல இருந்து, பிறகு ஒண்ணுமே இல்லாமல் போகிற வேலைக்கு வேறு ஏற்பாடு சரிப்படாது. எட்டு வருஷம் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க எந்த அரசும் ஒத்துக்காது.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. மெஷினை அணைத்தால் அது ஒன்றும் சொல்லாது. மனிதர்களை அணைக்க முடியாது. 1991 கணக்கெடுப்புக்காகத் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டு, வேலை முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்ட ஊழியர்கள் வேலை கேட்டு வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 'தற்காலிகம்' என்ற சொல்லின் விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

வாடகையா, சொந்தமா?

இதே காலத்தில் அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே 1880 கணக்கெடுப்பைத் தொகுத்து முடிக்க ஏறக்குறைய அடுத்த கணக்கெடுப்பே வந்துவிட்டது. 1890-ல் ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டை இயந்திரங்கள் வந்தன. ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில் துளை, துளை வழியாக மின்சாரம் பாய்ந்தால் எண்ணி ஒன்று நகரும்.

கவனிக்க வேண்டியது, ஹாலரித் இயந்திரத்தை விற்கவில்லை. வாடகைக்கு விட்டார். சென்சஸ் அலுவலகத்துக்கு முதலில் அது வசதி. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டிய பொருளை ஏன் வாங்கணும்? ஆனால் வேறு யாரிடமும் அந்த இயந்திரம் இல்லை. 1900 கணக்கெடுப்பு முடிந்த பிறகு வாடகை அதிகம் என்று தகராறு. 1905-ல் ஒப்பந்தம் முறிந்தது. சென்சஸ் அலுவலகம் ஜேம்ஸ் பவர்ஸ் போன்றவர்களை வைத்துச் சொந்தமாக இயந்திரம் செய்துகொண்டு 1910-ஐ எண்ணியது. ஹாலரித்தின் நிறுவனம் 1911-ல் மற்ற நிறுவனங்களோடு இணைந்து, 1924-ல் ஐபிஎம் என்று பேர் மாற்றிக்கொண்டது.

அந்த ஐபிஎம் பின்னாளில் இந்தியாவிலும் வாடகைக்குத்தான் மெஷின் விட்டது. ஐபிஎம் 1401 இங்கே பல அலுவலகங்களில் அப்படித்தான் ஓடியது. அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கைக் குறைக்கச் சொன்னபோது ஒத்துக்காமல் 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டே போனது. இருந்த மெஷின்களைப் பராமரிக்கிற வேலை சிஎம்சி என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது.

ஒரு கிளவுட் நிறுவனத்தில் மட்டும் ஓடுகிற சேவையில் உங்க மொத்த வேலையையும் கட்டி வைக்கும்போது இந்த இரண்டு கதையும் ஞாபகம் இருக்கட்டும். வாடகை தப்பில்லை. வீட்டைக் காலி பண்ணும்போது சாமானை எடுத்துக்கிட்டுப் போக முடியுமா என்று பார்த்துக்கொள்ளணும். டேட்டாவைப் பொதுவான வடிவத்தில் வைத்து, ஸ்பார்க் மாதிரி எங்கேயும் ஓடுகிற கருவியில் வேலையை எழுதினால் முடியும்.

1941

இப்போது தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருவோம்.

எம். டபிள்யூ. எம். யீட்ஸ் 1931-ல் சென்னை மாகாணத்தின் சென்சஸ் கண்காணிப்பாளர். கொல்லிமலை உட்பட இந்த மாகாணத்தின் சீட்டுகள் பிரிபட்டதைப் பொறுப்பில் இருந்து பார்த்தவர். அவரே 1941-ல் இந்தியா முழுமைக்கும் சென்சஸ் கமிஷனர் ஆனார். வேலையின் வலி தெரிந்த ஆள் என்பதால் முறையில் கை வைத்தார். படிவத்தில் எழுதி, அதைப் பார்த்து மறுபடி சீட்டு எழுதுவது ஏன்? கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலிலேயே சீட்டில் எழுதிவிடட்டும் என்றார். ஒரு முழு நகலெடுப்பு வேலை மிச்சம். ஒரே இரவில் நாடு முழுக்க எண்ணுகிற பழைய முறையையும் விட்டார்.

வடிவமைப்பு நல்லாத்தான் இருந்தது. ஆனால் நடுவில் உலகப் போர். செலவைக் குறைக்கச் சொல்லி அரசு தொகுப்பு வேலையை வெட்டியது. 38 கோடிக்கும் மேற்பட்டவர்களின் சீட்டு கையில் இருந்தும், சில அடிப்படை அட்டவணைகள்தான் வந்தன. அகில இந்திய சாதி அட்டவணை போடப்படவில்லை. இவ்வளவு பெரிய, செலவு பிடிக்கிற அட்டவணைக்குக் காலம் கடந்துவிட்டது என்ற கருத்தை யீட்ஸே அறிக்கையில் எழுதினார்.

விளைவு என்ன? 1951 முதல் பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்ற சாதிகளை எண்ணுவதையே நிறுத்தினார்கள். அதனால் 1980-ல் அறிக்கை கொடுத்த மண்டல் கமிஷன் கணக்குப் போட்டது 1931-ன் எண்களை வைத்து. அரை நூற்றாண்டு பழைய எண். இன்றுவரை இட ஒதுக்கீட்டு வாதங்களில் '1931 கணக்குப்படி' என்று கேட்கிறோமே, அதற்கு ஒரு காரணம் அரசியல். இன்னொரு காரணம் 1941-ல் பாதியில் அணைத்த கிளஸ்டர்.

ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஐம்பது சீட்டுக்கு ஒரு சீட்டு, அதாவது 2 சதவீதம், தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். 'ஒய்' மாதிரி என்று பேர். மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பின்னால் அந்தச் சீட்டுகளிலிருந்து வயது அட்டவணைகளைத் தயாரித்தது. பிரிக்கிற கூட்டம் கலைந்த பிறகும் சீட்டு இருந்ததால் இது முடிந்தது.

ஆனால் 2 சதவீதத்தில் மாகாணத்தின் வயசைச் சொல்லலாம். ஒரு நாட்டின் வயசைச் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் உள்ள மலைக் கிராமக் கூட்டத்தில் இருபது சீட்டு தேறும். அதைப் பத்து வயசு வகுப்பாகப் பிரித்தால் வகுப்புக்கு இரண்டு. அதை வைத்து ஒரு பள்ளிக்கூடம் எங்கே வேணும் என்று சொல்ல முடியுமா? மாதிரி எடுப்பது பெரிய இடங்களைக் காப்பாற்றும்; திண்ணனூர் நாடு மாதிரி சின்ன இடங்கள் அதில் காணாமல் போகும். சுதந்திரத்துக்குப் பிறகும் பல விரிவான அட்டவணைகள் மாதிரி அடிப்படையில்தான் வந்தன. படிவங்களை ஸ்கேன் செய்து, கையெழுத்தை மெஷினே படிக்கிற முறை வந்த 2001-ல்தான் 102 கோடிப் பேரின் பதிவுகளும் முழுசாகச் செயலாக்கப்பட்டன.

மெஷின்கள் கூட்டமாக வந்த கதை

மேப்ரெட்யூஸ் கட்டுரையைப் படித்து டக் கட்டிங் முதலானோர் உருவாக்கியது ஹடூப், 2006. அதே வருஷம் அமேசான் தன் எஸ்3 சேமிப்பையும் இசி2 வாடகை மெஷின்களையும் திறந்தது. 2009-ல் பெர்க்லியில் மட்டேய் ஸஹாரியா ஸ்பார்க்கைத் தொடங்கினார். ஹடூப் ஒவ்வொரு படியிலும் டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கிலிருந்து படிக்கும். ஸ்பார்க் முடிந்தவரை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். சீட்டுகளை ஒவ்வொரு பிரிப்புக்கும் பெட்டியில் கட்டி அடுக்காமல், மேசைமேலேயே வைத்து அடுத்த பிரிப்பைத் தொடங்குகிற மாதிரி.

வாடகைக் கிளஸ்டரின் பலம் வெளியே தெரிந்தது 2007-ல். நியூயார்க் டைம்ஸ் தன் பழைய இதழ்களின் 1.1 கோடிக் கட்டுரைகளைப் பிடிஎஃப் ஆக்க நினைத்தது. அமேசானில் 100 மெஷின் வாடகைக்கு எடுத்து, ஹடூப் போட்டு, 24 மணி நேரத்துக்குள் முடித்தது. மறுநாள் அந்த 100 மெஷினும் இல்லை. 1901-ன் தொகுப்பு அலுவலகம், ஒரே நாளில் திறந்து மூடியது.

சரி, இப்ப எதை எடுப்பது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஆளின் பதிவு 2 கிலோபைட் என்று வைத்துக்கொள்ளுங்க.

கொல்லிமலை ஒன்றியம், 40,000 பேர்: 80 மெகாபைட். இதற்குக் கிளஸ்டரே வேண்டாம். உங்க லேப்டாப்பே போதும். இந்த அளவுக்குப் பத்து மெஷின் கிளஸ்டர் எழுப்பினால், மெஷின் எழும்புகிற நேரத்தில் லேப்டாப் வேலையை முடித்திருக்கும்.

தமிழ்நாடு, 2011-ல் 7.21 கோடிப் பேர்: சுமார் 144 ஜிகாபைட். இது இரண்டுங்கெட்டான் அளவு. நினைவகம் அதிகமுள்ள ஒரே பெரிய மெஷினில் முடிக்கலாம். பல பேர் அவசரப்பட்டுப் பல மெஷின் எடுப்பது இங்கேதான். மெஷின் கூடினால் ஷஃபிளில் ஒன்றுக்கொன்று டேட்டா அனுப்புகிற நேரமும் கூடும். முதலில் ஒற்றை மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நேரம் போதவில்லை என்றால் பிரிக்கலாம்.

இந்தியா, 121 கோடி: சுமார் 2.4 டெராபைட். இதற்குக் கிளஸ்டர் வேணும்.

அளவுக்கு அடுத்து, வேலை எப்படி வருகிறது என்று பாருங்க.

தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் ஓடுகிற வேலையா? ஜாப் கிளஸ்டர். மாதம் 30 நாளும் அணைக்காமல் வைத்தால் 720 மணி நேரம். வேலைக்கு மட்டும் எழுப்பினால் 60 மணி நேரம். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். டேட்டாபிரிக்ஸ் மாதிரி இடங்களில் பொதுக் கிளஸ்டருக்கு ஜாப் கிளஸ்டரைவிட மணிக்கணக்கு ரேட்டே அதிகம். இருந்தும் ராத்திரி வேலையைப் பொதுக் கிளஸ்டரில் ஓட்டுகிறவர்கள் நிறைய.

நாலு பேர் உட்கார்ந்து பகல் முழுக்கக் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பார்க்கிற ஆய்வு வேலையா? அதற்குப் பொதுக் கிளஸ்டர் சரி. ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு நிமிஷம் கிளஸ்டர் எழும்பக் காத்திருந்தால் சிந்தனை அறுந்துபோகும். ஆனால் யாரும் தொடாமல் அரை மணி நேரம் இருந்தால் தானே அணைகிற மாதிரி அமைப்பை மறக்காமல் போடுங்க.

எப்பவாவது நாலு கேள்வி, அதுவும் சின்னக் கேள்வியா? சர்வர்லெஸ். மெஷின் எத்தனை என்றே நீங்க பார்க்க வேண்டாம். ஓடிய அளவுக்குக் காசு.

அடுத்தது மெஷினின் வகை. நிறையப் பிரித்து இணைக்கிற வேலை, அதாவது மாட வேலை அதிகம் என்றால், நினைவகம் அதிகமுள்ள மெஷின். படத்தைப் படிப்பது, சுருக்குவது மாதிரி ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக அரைக்கிற வேலை என்றால் சிபியு அதிகமுள்ள மெஷின்.

ஸ்பாட் மெஷின் என்று ஒன்று உண்டு. கிளவுட் நிறுவனத்திடம் சும்மா கிடக்கிற மெஷினை மலிவாகத் தருவார்கள். வேறு தேவை வந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். அமேசானில் இரண்டு நிமிஷ முன்னறிவிப்பு. 1941-ல் போர் வந்து தொகுப்புக் காசைப் பிடுங்கியது இந்த மாதிரிதான். ஸ்பாட்டை எடுக்கலாம், தப்பில்லை. வேலையை ஒருங்கிணைக்கிற தலைமை மெஷின் மட்டும் ஸ்பாட்டாக இருக்கக் கூடாது. பாதி வேலையில் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியணும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கலைகிற கிளஸ்டர் எடுத்தால் டேட்டா அதனுள்ளே குடியிருக்கக் கூடாது. மூலப் பதிவும் இடையில் வந்த முக்கிய முடிவும் தனிச் சேமிப்பில் இருக்கணும். கூட்டம் கலைந்தாலும் சீட்டு மிஞ்சணும்.

கிளஸ்டரால் தீராதது

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கு.

2011-ல் தொடங்கிய சமூக பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் சாதிப் பேரைச் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். 1931-ல் இருந்த சாதிகள் 4,147. 2011-ல் வந்து விழுந்த பேர்கள் சுமார் 46 லட்சம் என்று மத்திய அரசு 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஒரே சாதி பல எழுத்துக்கூட்டலில், குலப் பேர், கோத்திரம், பட்டம் எல்லாம் கலந்து. அந்தச் சாதி எண்கள் வெளிவரவே இல்லை. 46 லட்சம் பேரை வரிசைப்படுத்த இன்றைய மெஷினுக்குச் சில விநாடி. எந்தப் பேரும் எந்தப் பேரும் ஒன்று என்று முடிவெடுக்கத்தான் ஆள் வேணும்.

கொல்லிமலையே நல்ல உதாரணம். இங்கே பெரும்பான்மையாக வாழ்கிற பழங்குடியின் பேர் 'மலையாளி'. மலையை ஆள்பவர், மலைவாசி என்ற பொருளில். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழி என்பது அவர்களுடைய மரபுக் கதை. ஒருத்தருக்கொருத்தர் கவுண்டர் என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. 2011-ல் தமிழ்நாட்டின் 7.95 லட்சம் பழங்குடியினரில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். மாநிலத்தின் பெரிய பழங்குடி இவர்கள்தான்.

இப்போது 'மலையாளி' என்று ஒரு பதிவு வருகிறது. அது கொல்லிமலைக்காரரா, கேரளத்திலிருந்து வந்து கோயம்புத்தூரில் குடியிருப்பவரா? பட்டியல் பழங்குடி ஆணையிலேயே இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கு: தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள மலையாளி மட்டும்தான் பழங்குடி. ஆனால் இவற்றில் பல மாவட்டங்கள் பின்னால் உடைந்துவிட்டன. 1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்து, கொல்லிமலை நாமக்கல் பக்கம் வந்தது. பதிவில் 'நாமக்கல்' என்று இருக்கும், பட்டியலில் 'சேலம்' என்று இருக்கும். இரண்டையும் எந்திரத்தனமாக இணைத்தால் ஒரு மலை முழுக்கப் பழங்குடிக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இன்னொருவர் 'மலையாளக் கவுண்டர்' என்று சொல்லியிருப்பார். அவரைக் கவுண்டர் மாடத்தில் போட்டாலும் அதே கதி. எத்தனை மெஷின் வைத்தாலும் தப்பான விதி தப்பான விடையைத்தான் வேகமாகக் கொடுக்கும்.

இந்த வேலைக்குத் தேவை, தெரிந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற வேலைமுறை. பேர்களின் பட்டியலை எடு, சந்தேகமானதைக் காட்டு, முடிவை அட்டவணையில் பதி, மறுபடி ஓட்டு. அதாவது மேலே சொன்ன இரண்டும் சேர்ந்தது: ஆராய ஒரு சின்னப் பொதுக் கிளஸ்டர், முடிவான விதிகளோடு முழு டேட்டாவையும் ஓட்ட ஒரு பெரிய ஜாப் கிளஸ்டர்.

2027

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடத்த 2025 ஜூன் 16-ல் அறிவிக்கை வந்தது. மொபைல் செயலியில் நேரடிப் பதிவு. சாதியும் கேட்பார்கள், எல்லோருக்கும். யீட்ஸ் 1941-ல் வாசலிலேயே சீட்டு எழுதச் சொன்னதற்கு இது நேர் வாரிசு. நகலெடுக்கிற படியே இல்லை. எண்ணுகிற வேகம் இனிப் பிரச்சினை ஆகாது.

மிச்சமிருப்பது 1941-ன் கேள்வியும் 2011-ன் கேள்வியும். பிரித்து முடிக்கிறவரை காசும் ஆளும் நிற்குமா? பேர்களைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்களா? இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால்தான் திண்ணனூர் நாட்டுக்குப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கேட்கிறவர்கள் கையில் ஒரு எண் இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது 1951, 1961, 1971 சென்சஸ் தொகுப்பு அலுவலகங்களில் சீட்டுப் பிரிச்சிருந்தா, அந்த வேலை எப்படி இருந்தது, என்ன கூலி, மாடப் பலகை எப்படி இருக்கும்னு கேட்டு எழுதி வைங்க. அறிக்கைகளில் கமிஷனர்கள் பேர்தான் இருக்கு. எண்ணியவங்க நினைவு வீடுகளில்தான் இருக்கு.